ஒன்பதாவது சோதனை

இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் போகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

மதியம் இரண்டு மணி. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்ததால் அறைக்குள் பழுப்பு நிறத்தில் ஓர் அரை இருட்டு. பால் காய்ந்த துணிகளின் புளிப்பு வாடையும், பிறந்து பத்தொன்பதே நாளான பெண் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து வரும் வெதுவெதுப்பான வாசனையும் கலந்து கிடக்க, ஒருக்களித்துப் படுத்திருந்தவள் குழந்தையின் வயிற்றைத் தொடுவதற்காகக் கையை நீட்டியபோதுதான் விரல் நுனி அந்த இடுக்குக்குள் போனது. தூக்கம் சட்டென்று கலைந்துவிட்டது. முந்தின இரவு அவளே தடவிப் பார்த்து, இடைவெளி துளிகூட இல்லையென்று திருப்திப்பட்ட இடம் அது.

அது பெரியவர்களின் கட்டிலை ஒட்டிப் போடுகிற சின்னக் கட்டில். வீட்டில் அதற்குக் குட்டிக் கட்டில் என்றே பெயர். மூன்று பக்கம் தடுப்பு இருக்கும். தாய் படுக்கிற பக்கம் மட்டும் திறந்திருக்கும். இரண்டு மெத்தைகளும் ஒரே மட்டத்தில் இருக்க, குட்டிக் கட்டிலிலிருந்து வரும் அகலப் பட்டை ஒன்று பெரிய மெத்தைக்கு அடியில் போய் மறுபக்கச் சட்டத்தில் கொக்கி போட்டு நிற்கும். பட்டை இறுக்கமாக இருக்கிறவரை பயமில்லை. தளர்ந்தால் நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்குள் குழந்தை உருண்டால் என்ன ஆகும் என்பது மற்ற அம்மாக்களுக்குப் பொதுவாகத் தெரியும். அவளுக்கு அது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

ஏனென்றால் அவளுடைய பிழைப்பே அதுதான். மேஜை, நாற்காலி, கட்டில் என்று எதுவாக இருந்தாலும், கடைக்கு வருவதற்கு முன் உடைத்துப் பார்த்துச் சான்று கொடுக்கிற சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. குழந்தைகளின் கட்டில்கள் முழுக்க அவள் பொறுப்பு.

எழுந்து மறுபக்கம் போய்ப் பட்டையை இழுத்து இறுக்கினாள். கணவன் வேலைக்குக் கிளம்பும்முன் படுக்கை விரிப்பை மாற்றினான். அவன்தான் கொக்கியைத் தட்டிவிட்டிருப்பான் என்று முடிவு கட்டினாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஐம்பது பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனுஷனுக்கு வீட்டில் ஒரு கொக்கியைச் சரியாக மாட்டத் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், அப்போது.

அந்தக் கட்டிலைத் தேர்ந்தெடுத்ததே ஒரு பெரிய கதை. ஏழாம் மாதத்தில் இருவரும் கடைக்குப் போனார்கள். கணவன் வெள்ளை, சாம்பல், மர நிறம் என்று கலர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கைப்பையிலிருந்து எஃகு அளவுக்கம்பிகளை எடுத்து ஒவ்வொரு இடுக்கிலும் விட்டுப் பார்த்தாள். நான்கு கட்டில்களைத் தள்ளினாள். ஒன்றில் மூலைத் திருகு லேசாக ஆடியது. இன்னொன்றில் மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே கம்பி தாராளமாக உள்ளே போனது. கடைக்காரப் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இது கட்டில்தான். பாலம் இல்ல" என்றான். கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயிறு நிற்பதற்கு முன் இரண்டு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் அவள். மூன்றாவது முறை எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதாக இல்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா, பரணில் கிடக்கிற தன் பழைய கட்டிலைத் தருவதாகச் சொன்னாள். என் ரெண்டும் அதில்தான் வளர்ந்தன, ரெண்டும் உயிரோடுதான் இருக்கின்றன, சந்தேகமிருந்தால் வந்து எண்ணிக்கொள் என்று கிண்டல் வேறு. அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவள் மனதில் ஏற்கெனவே ஒரு கட்டில் இருந்தது.

சோதனைக்கூடத்தில், மேடைமேல், அவள் கையாலேயே எட்டுச் சோதனைகளைத் தாண்டி நின்ற கட்டில். ஒரு முனகல்கூட இல்லாமல் தாண்டியது. அப்படி ஒன்றைப் பதினோரு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. பாக்கி இருந்தது ஒன்பதாவது மட்டும். அந்த ஒன்பதாவதில்தான் வில்லங்கம். கட்டிலை மேடையோடு அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் சட்டங்களை ஒவ்வொன்றாக இழுப்பார்கள். முதலில் லேசாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுவார்கள். அடுத்த சுற்றில் விசையைக் கூட்டுவார்கள். மறுபடி பத்து. இப்படியே, உடையும்வரை. ஒன்பதாவது சோதனையில் எதுவும் பிழைத்து வெளியே வராது. எத்தனை தாங்கியது என்று பார்ப்பதுதான் அதன் நோக்கமே.

விடுப்பில் போவதற்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒன்பதாவதற்கு நேராக "நூற்று நாற்பத்தொரு கிலோவில் உடைந்தது, அப்புறப்படுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வண்டிக்காரரிடம் சொல்லிக் கட்டிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கணவனிடம் ஊழியர்களுக்குச் சலுகை என்று சொன்னாள். தன் குழந்தைக்கு உலகத்திலேயே நம்பகமான கட்டில் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில், செய்தது தப்பு என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மதியமும் இடைவெளி விழுந்திருந்தது.

இந்த முறை அளவுக்கம்பிகளை எடுத்து வந்தாள். முதல் கம்பி ஏழு மில்லி. அது தாராளமாகப் போனது. இரண்டாவது பன்னிரண்டு மில்லி. அது மேலும் கீழும் உரசிக்கொண்டு, அதற்காகவே செய்த உறைக்குள் போவதுபோல் போனது. நேற்றைய இடைவெளியில் சுண்டுவிரல் நுனிதான் போனது, அது ஏழு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் அவள் கொக்கியைக் கயிற்றால் வேறு கட்டியிருந்தாள். கயிறு கட்டினபடியே இருந்தது. இடைவெளி இருபத்தைந்து. மூன்றாவது கம்பி.

ஏழு, பன்னிரண்டு, இருபத்தைந்து. சோதனைத்தாளில் முதல் மூன்று சோதனைகள்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை கை விரல்களை மடக்கிக்கொண்டு, வாயில் பால் பூத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் கிடையாது, கண்டதும் தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்காவிடம் போனில் சொன்னபோது அவளும் அதையேதான் சொன்னாள்.

நான்காவது நாள், அதே இரண்டு மணிக்கு, சத்தம் ஆரம்பித்தது.

தெருவில் யாரோ எதையோ தட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். டொக். கொஞ்ச நேர அமைதி. டொக். பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்களோ என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வெயில் வெறிச்சோடிக் கிடந்தது. குப்பை வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. டொக். சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. குட்டிக் கட்டிலின் அடியிலிருந்து, மெத்தையைத் தாங்குகிற பலகையிலிருந்து, இரண்டு நொடிக்கு ஒன்றாக. ஒவ்வொரு டொக்குக்கும் குழந்தையின் போர்வை ஒரு நூல் அளவு எழும்பித் தாழ்ந்தது. குழந்தை விழிக்கவில்லை.

சோதனைக்கூடத்தில் பத்துக் கிலோ மூட்டை ஒன்றை இயந்திரம் தூக்கித் தூக்கிப் போடும், ஆயிரம் முறை. அதுதான் நான்காவது. மூட்டை மேலிருந்து விழும். இது கீழிருந்து வந்தது. அந்த ஒரு வித்தியாசம்தான்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கூடத்துச் சோபாவில் போய் உட்கார்ந்தாள். காது அதுபாட்டுக்கு எண்ணியது. ஆயிரத்தோடு நின்றது.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள், கையெழுத்து விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அவன் குனிந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, எலியாக இருக்கும் என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். நம்ம பக்கத்துல போட்டுப் படுத்துக்குவோம். ஊர் உலகத்துல யாரும் அப்படிப் படுக்கலையா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெரியவர்கள் தூக்கத்தில் புரண்டு படுத்த கட்டில்களைப் பற்றிய அறிக்கைகளையும் படித்தவள் அவள், படங்களோடு படித்தவள். இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது. அவள் குழந்தையைக் குட்டிக் கட்டிலிலேயே படுக்க வைத்து, விடியும்வரை கண்கொத்திப் பாம்பாக விழித்திருந்தாள். அப்போது எதுவும் நடக்கவில்லை. நடப்பதெல்லாம் வேலை நேரத்தில்தான்.

ஐந்தாவது நாள் பக்கத் தடுப்பு உள்பக்கமாக வளைந்தது. அவள் கண்ணெதிரே, ஆளில்லாத பக்கத்திலிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் வளைந்து, குழந்தையின் கன்னத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் வந்து நின்றது. பத்து எண்ணினாள். நிமிர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு குழந்தையை அதில் போடவில்லை. பகலெல்லாம் தோளிலேயே போட்டுக்கொண்டு, அறை வாசலில் நின்று காலிக் கட்டிலைப் பார்த்தாள். ஆறாம் நாள் மூலைத் திருகுகள் நான்கும் தாமாக நடுங்கின. ஏழாம் நாள் பலகை முறுகியது. குழந்தை இல்லையே என்று அது நிறுத்தவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இதற்கு வேண்டியது கட்டில்தான். என் குழந்தை இல்லை. நான் பாதியில் விட்ட வேலையை யாரோ முடிக்கிறார்கள், முடிக்கட்டும்.

எட்டாம் நாள் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் மெல்ல உயர்ந்தது. சாய்கிறதா என்று பார்க்கிற சோதனை. உயர்ந்து, நின்று, பத்து எண்ணியதும் ஓசைப்படாமல் தரையில் இறங்கியது. எந்த அவசரமும் இல்லாமல், யாரையும் பயமுறுத்துகிற எண்ணமே இல்லாமல், சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவரின் ஒழுங்கோடு. அந்த ஒழுங்குதான் அவளை நடுங்க வைத்தது. அவளும் அப்படித்தான் வேலை பார்ப்பாள்.

ஒன்பதாவதற்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. அன்று சாயங்காலமே, குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கணவனின் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துக் கட்டிலை அறுத்தாள். தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுக்க, மரத்தூள் வியர்வையில் ஒட்ட, சட்டம் சட்டமாக அறுத்தாள். அக்கா குழந்தையை ஆட்டிக்கொண்டே, "என்னடி இது, கட்டில் மேல அப்படி என்ன கோவம்? எனக்காவது குடுத்திருக்கலாம்ல" என்றாள். யாருக்கும் குடுக்கக் கூடாது என்றாள் அவள். துண்டுகளைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, குளித்துவிட்டு, கணவனையும் குழந்தையையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இருபத்தேழு நாளில் முதல் முறையாக அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் மனது லேசாக இருந்தது. கணவன் வேலைக்குப் போய்விட்டான். குழந்தை இரண்டு முறை பால் குடித்து, பெரிய கட்டிலின் நடுவில் கைகால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. மடியில் இருக்கிற கனத்தையும் இறக்கிவிடலாம் என்று தோன்ற, மதியம் சமையலறையில் நின்றபடி சோதனைக்கூடத் தலைவருக்குப் போன் செய்தாள். அவருக்கு அங்கே மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். எதற்கும் ஆச்சரியப்படாத மனுஷர். அவள் போட்ட பொய்க் கையெழுத்து, கொண்டுபோன கட்டில், அறுத்துப் போட்டது எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். சத்தத்தைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

"அப்ப எட்டு முடிஞ்சிருக்கு. ஒம்பது முடியல" என்றார்.

"ஆமா சார். கட்டில்தான் இல்லையே. அதோட முடிஞ்சதுன்னு வெச்சுக்கலாம்ல?"

"அது எப்படிம்மா முடியும்? பாதியில ஒன்னு போச்சுன்னா என்ன செய்வோம்? அது கூட வந்த இன்னொன்ன ஏத்தி, விட்ட எடத்துல இருந்து தொடருவோம். பதினோரு வருஷமா செய்யற. நான் சொல்லணுமா உனக்கு?"

"கூட எதுவும் வரல சார். ஒரே ஒரு கட்டில்தான் வந்துச்சு."

காகிதம் புரளும் ஓசை கேட்டது. விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் நிதானமாகக் கேட்டார். "அந்த எட்டையும் நீ மட்டும்தான் செஞ்சியா? மேடைகிட்ட வேற யாரும் இல்லையே?"

"நான் மட்டும்தான் சார்."

சொன்ன வாய் மூடவில்லை. அவள் மட்டும் இல்லை. ஏழாம் மாத வயிறு மேடையின் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கும். மூட்டை ஒவ்வொரு முறை விழும்போதும் உள்ளே ஓர் உதை விழும். தடுப்பை அழுத்தும்போதும், கட்டிலைச் சாய்க்கும்போதும், எட்டுச் சோதனையிலும் அது கூடவே வந்திருந்தது. சமர்த்து, அம்மாவோட வேலைக்கு வருது என்று பக்கத்து மேஜைக்காரிகள் வயிற்றைத் தட்டிச் சிரிப்பார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு.

அவள் போனைச் சமையல் மேடைமேல் வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்தது. சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் பதினான்கு காலடி. திரை மூடிய அறை. பழுப்பு இருட்டு. பால் வாடை. எந்தச் சத்தமும் இல்லை.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் இடது கை மேலே போயிற்று. குழந்தைகள் கையை வீசுவதுபோல் இல்லை. மணிக்கட்டிலிருந்து நேராக, நூல் பிடித்தாற்போல, மெல்ல. முழங்கை நிமிர்ந்தது. தோள்பட்டை மெத்தையை விட்டு அரை விரல் எழும்பியது. நின்றது. அவள் கால்கள் தரையில் வேர்விட்டுப் போயிருக்க, மனதுக்குள் எண்ணிக்கை ஓடியது. பத்து. கை மெத்தையில் விழுந்தது.

வலது கை. பத்து.

இடது கால். பத்து.

வலது கால்.

லேசாகத்தான். முதல் சுற்று எப்போதும் லேசாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அவள் உடம்பு அசைந்தது. பாய்ந்து விழுந்து குழந்தையை அள்ளினாள். இரண்டு கைகளாலும் சேர்த்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தலைமாட்டுச் சட்டத்தில் முதுகை முட்டுக்கொடுத்து, முழங்கால்களை மடக்கிச் சுற்றிலும் அணை போட்டாள். விடமாட்டேன் என்று சத்தமாகச் சொன்னாள். என் பிள்ளையை விடமாட்டேன். யாராக இருந்தாலும் சரி. குழந்தையின் நெஞ்சு அவள் உள்ளங்கைக்குள் சின்னதாக, வேகமாக அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அதுவும் காத்திருப்பது போலிருந்தது. அவள் பிடியை இன்னும் இறுக்கினாள். குழந்தை அசைய இடமே இல்லாதபடி இறுக்கினாள்.

இறுக்கின பிறகுதான் புரிந்தது.

ஒன்பதாவதை ஆரம்பிக்கும்முன் பொருளை அசையாமல் பிடிக்க வேண்டும். பிடிமானம் இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்புக்குப் பொருள் முழுசாகக் கூடவே வந்துவிடும், உடையாது. அது இவ்வளவு நேரம் காத்திருந்தது அதற்குத்தான்.

விட்டுவிடு. கைகளுக்குச் சொன்னாள். விட்டுவிடு, விட்டால் உடையாது. மெத்தையில் போட்டுவிட்டு எட்டிப் போ.

எந்த அம்மாவின் கை விடும்? விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டு இறுகிக் கிடந்தன. அவற்றைப் பிரிக்க அவளுக்கே தெம்பில்லை.

அவள் அணைப்புக்குள்ளிருந்து, மூடின துணியை விலக்கிக்கொண்டு, அந்தச் சின்ன இடது கை மறுபடி வெளியே வந்தது. மேலே போயிற்று. இந்த முறை லேசாக இல்லை. இழுப்பு அவள் நெஞ்சுக்கூடு வரை வந்தது. பிஞ்சுத் தோள் நிமிர்ந்து, தோல் விம்மி, வெளுத்தது. குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. முதல் முறையாக அழுவதற்கு வாயைத் திறந்தது.

ஏழு. எட்டு. உதடுகள் அசைய அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது. பத்து.

கை இறங்கவில்லை.

பதினொன்று, என்றாள்.